சுற்றை உயர்த்தினால் ஓட்டோ கியரின் ஆயுள் குறையுமா?

கேள்வி: என்னிடம் 1997ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா சேஸர் டூரர் வி கார் உள்ளது, டர்போ எஞ்சின், நான்கு வேக ஓட்டோ கியர். அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கியர் மாறுகிறது. அதை 6,800 ஆக்கித் தருவதாக ஒரு கராஜில் சொல்கிறார்கள். கியர்பெட்டி தாங்குமா?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் மட்டும் கியர்பெட்டி தேய்வதில்லை, கிளச் தகடுகள் இறுகப் பற்றியபின் அவற்றுக்கிடையே வழுக்கல் இல்லை. தேய்வெல்லாம் ஒரு கியரிலிருந்து மறு கியருக்கு மாறும், ஒரு வினாடிக்கும் குறைவான அந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது. உங்கள் கியர்பெட்டியில் முதலாம் கியரின் விகிதம் (பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒருமுறை சுற்ற எஞ்சின் சுற்றும் தடவைகள்) சுமார் 2.8, இரண்டாவதன் விகிதம் சுமார் 1.5, ஆகவே 6,800 சுற்றில் மாற்றினால் எஞ்சின் ஏறத்தாழ 3,700 சுற்றுக்கு இறங்க வேண்டும். அவ்வாறு இறக்கும்போது சுழலும் பாகங்களில் தேங்கியிருந்த சக்தியை, ஒயிலில் நனைந்த மெல்லிய உராய்வுத் தகடுகளே வெப்பமாக்கி விழுங்குகின்றன. இச்சக்தி சுற்றின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், சுற்று 13 வீதமே கூடினாலும் தகடுகள் தாங்க வேண்டிய சுமை 28 வீதமளவில் கூடுகிறது. எஞ்சின் அந்நேரத்திலும் தள்ளிக்கொண்டிருக்கும் விசை இதற்கு மேலதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுழலும் கிளச் உருளைக்குள் எஞ்சியிருக்கும் ஒயிலை மையவிலக்கு விசை வெளிப்புறமாகத் தள்ளுவதால், விடுபட வேண்டிய கிளச் முழுமையாக விடுபடாமல் உரசக்கூடும். இதைத் தடுக்கவே பிஸ்டனில் சிறிய குண்டு வால்வு வைக்கப்படுகிறது. ஏறத்தாழ முப்பது வயதான பெட்டியில் அது புதிதைப்போல் வேலை செய்யும் என நம்பி இறங்குவது எனக்கு உவப்பானதல்ல.

ஆதாயமே இல்லையென்று நான் கூறமாட்டேன். உங்கள் எஞ்சின் தனது உச்ச வலுவான 280 குதிரை வலுவை 6,200 சுற்றில் தருகிறது. முதலிரு கியர்களுக்கிடையே இடைவெளி பெரிதாகையால் சற்றுத் தாமதித்து மாற்றுவது பந்தயத் தடத்தில் சிறிது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கந்தளாய் வீதியில் இரண்டாம் கியரில் 6,800 சுற்றைத் தொடுமுன்னரே நகருக்கு வெளியேயான 70 கிலோமீற்றர் வேக எல்லையை நீங்கள் கடந்துவிட்டிருப்பீர்கள். எனவே 6,300 அளவில் நிறுத்திக்கொள்ளுமாறே கேட்டுக்கொள்கிறேன். கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் விசையைக் கணினி சற்றுக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால், வேகத்துக்காக அதை நீக்க ஒருபோதும் இடங்கொடாதீர்கள். தகடுகளை இறுக்கும் ஒயிலின் அழுத்தத்தைக் கூட்டினால் வழுக்கல் குறையும் என்பது உண்மைதான். ஆயினும் அப்போது கியர் வெடுக்கென மாறும் அதிர்ச்சியை அச்சுத்தண்டுகளும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரென்ஷியலும் தாங்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது வெப்பம். ஒயில் 80 முதல் 95 பாகைக்குள் இருப்பது நலம். 120 பாகையைத் தாண்டி நீடித்தால் ஒயில் பிசினாகப் படிந்து, சீல்கள் இறுகி, அழுத்தம் கசிந்து, வழுக்கல் மேலும் கூடும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியில் ரேடியேட்டரால் மட்டும் இதைச் சமாளிப்பது கடினம். தனியான ஒயில் கூலரும் வெப்பமானியும் பொருத்திய பின்னரே சுற்றைப் பற்றிப் பேசுங்கள். ஓரிரு முறை விரட்டினால், அடுத்த பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.

கேள்வி: கியர் ஒயில் பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக உள்ளது. ஓட்டலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: வேண்டாம் அம்மா, உடனே நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் துளைபட்டுத் தண்ணீர் கலந்திருக்கலாம். தண்ணீர் பட்டால் தகடுகளின் உராய்வுப் பூச்சு பசைவிட்டு உரியத் தொடங்கும். காரை இழுத்தே கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள். பின்சக்கர இயக்கமுள்ள காராயின் பின்சக்கரங்கள் தரையில் உருளாதபடி ஏற்றச் சொல்லுங்கள்.