வாசகர் கேள்வி பதில்: அட்லாண்டாவுல ஸ்னோ வருமா, வராதா?

கேள்வி: சார், நாங்க அட்லாண்டா பக்கம் ஆல்ஃபரெட்டால இருக்கோம். போன தடவை 4 இன்ச் ஸ்னோன்னு சொன்னாங்க, ஸ்கூல் லீவு விட்டாங்க, கடையில பால் பிரெட் எல்லாம் காலி, கடைசில பெஞ்சது வெறும் மழை. இவ்ளோ சாட்டிலைட்டு சூப்பர் கம்ப்யூட்டர் வெச்சுக்கிட்டு இதைக்கூட சொல்ல முடியாதா? (ஆல்ஃபரெட்டா வாசகர்)

பதில்: உங்க கோவம் புரியுது சார், ஆனா அந்த ஊர் வானிலை ஆளுங்க மேல தப்பு இல்லைங்க. வடக்க இருக்கற மினியாபோலிஸ் மாதிரி ஊர்ல ஜனவரில மேகத்துலேர்ந்து தரை வரைக்கும் பெரும்பாலும் மைனஸ்தான், அங்க எவ்ளோ விழும்னு பாத்தா போதும். அட்லாண்டா இருக்கற ஜார்ஜியால முதல்ல விழறது என்னன்னே கண்டுபிடிக்கணும். மேல கிளம்பறப்போ ஸ்னோவாதான் கிளம்புது, வர்ற வழில ஒரு ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துல மெக்ஸிகோ வளைகுடாலேர்ந்து வெதுவெதுப்பான காத்து நுழைஞ்சிருந்தா, அது பிளஸ் 1, 2 டிகிரி இருந்தாலே போதும், ஸ்னோ உருக ஆரம்பிச்சிடும். அதுக்குக் கீழயும் பிளஸ்னா மழை. கீழ மைனஸ் காத்து நல்லா ஆழமா இருந்தா பாதி வழியிலேயே மறுபடி உறைஞ்சு சின்னச் சின்ன ஐஸ் உருண்டையா விழும். தரையை ஒட்டி மட்டும் லேசா மைனஸா இருந்தா மழையாவே வந்து ரோடு, மரக்கிளை, கரண்ட் கம்பி எதுல படுதோ அதுலயே ஐஸா ஒட்டிக்கும். என்னைக் கேட்டா இருக்கறதுலயே பயங்கரம் இதுதான், மரம் சாஞ்சு நாள்கணக்கா கரண்ட் போறது இதனாலதான்.

அட்லாண்டாவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. அப்பலாச்சியன் மலைக்குக் கிழக்கால வடகிழக்குலேர்ந்து குளிர் காத்து வழிஞ்சு வந்து மலையடிவாரத்துலயே தேங்கி நிக்கும், அங்க அதை ‘வெட்ஜ்’னு சொல்வாங்க. வானிலையைக் கணிக்கற கம்ப்யூட்டர் மாடல் பல சமயம் இந்தக் குளிர் சீக்கிரம் கலைஞ்சிடும்னு காட்டும், நிஜத்துல அது பிடிவாதமா உக்காந்திருக்கும். காத்து எவ்ளோ வறண்டிருக்குங்கறதும் முக்கியம். தரைல 4 டிகிரி இருக்கே எப்படி ஸ்னோ வரும்னு கேப்பாங்க, ஆனா வறண்ட காத்துல மழைத்துளி ஆவியாகறப்போ அந்தக் காத்தோட சூட்டையே உறிஞ்சிடும், சில சமயம் மணிக்கணக்கு கூட ஆகாது, தரையும் 0 டிகிரிக்கு வந்துடும். இதையெல்லாம் நேர்ல அளக்க அட்லாண்டா பக்கத்துல பீச்ட்ரீ சிட்டில இருக்கற வானிலை ஆபீஸ்லேர்ந்து வழக்கமா ஒரு நாளைக்கு 2 தடவைதான் பலூன் விடறாங்க. 1 இன்ச் தண்ணி சுமார் 10 இன்ச் ஸ்னோவாகும்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு, அப்ப நீங்க சொன்ன 4 இன்ச் ஸ்னோங்கறது வெறும் 0.4 இன்ச் மழைதான், ரெண்டுக்கும் நடுவுல இருந்தது ஒண்ணு ரெண்டு டிகிரி தான் சார்.

கேள்வி: ஐயா, 2014ல என் பொண்ணு அட்லாண்டாவுல ராத்திரி முழுக்க கார்லயே உக்காந்திருந்தா. இங்க மதுரைல நாங்க போனைப் பிடிச்சுக்கிட்டு அழுதோம். ரெண்டு இன்ச் பனிக்கு ஒரு ஊரே நிக்குமா? யாரும் முன்னாடியே சொல்லலையா? (மதுரை வாசகி)

பதில்: சொன்னாங்கம்மா. அதுதான் இன்னிக்கு வரைக்கும் மனசு ஆற மாட்டேங்குது. முந்தின நாள் வரைக்கும் பெரிய பாதிப்பு நகரத்துக்குத் தெற்காலதான்னு பேச்சு இருந்தது உண்மை, ஆனா ஜனவரி 28 விடியக்காலை 3:38க்கே தேசிய வானிலை சேவை அட்லாண்டாவுக்கு குளிர்காலப் புயல் எச்சரிக்கை விட்டுடுச்சு. ஆனா ஸ்கூல், ஆபீஸ் எல்லாம் வழக்கம்போல திறந்துட்டாங்க. மதியம் ஸ்னோ விழ ஆரம்பிச்சதும் ஒரே நேரத்துல எல்லாரையும் வீட்டுக்குப் போங்கன்னு அனுப்ப, லட்சக்கணக்கான கார் ஒண்ணா ரோட்டுக்கு வர, டயர் சூட்டுல உருகின ஸ்னோ அடுத்த நிமிஷமே ஐஸா உறைய, ஐஸை உருக்க உப்பு போடற லாரி கூட நகர முடியல. ஏர்போர்ட்ல அளந்தது 2.6 இன்ச் தான். ஆயிரக்கணக்கான பசங்க ஸ்கூல்லயே படுத்துத் தூங்கினாங்க, ஐ-285ங்கற நெடுஞ்சாலைலயே ஒரு குழந்தை பொறந்துச்சு. எதிர்பாராத புயல்னு முதல்ல சொன்ன கவர்னர் நேதன் டீல் அப்புறம் மன்னிப்பு கேட்டார். ரெண்டு வாரம் கழிச்சு பிப்ரவரில அடுத்த புயல் வந்தப்போ ஜனங்க வீட்ட விட்டு நகரல, ரோடு காலியா கிடந்துச்சு.

கேள்வி: 2025ல நியூ ஆர்லியன்ஸ்ல மட்டும் ஸ்னோ வரும்னு எப்படி முன்னாடியே கரெக்டா சொல்ல முடிஞ்சுது? (திருச்சி காலேஜ் மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. அந்தத் தடவை ஆர்க்டிக் குளிர் வளைகுடா கரை வரைக்கும் ஆழமா இறங்கியிருந்துச்சு, அதனால ஸ்னோவா மழையாங்கற குழப்பம் ரொம்ப கம்மி. தாழ்வு நிலை கடல் மேல போகும்னு மாடல்களும் பல நாள் முன்னாடியே காட்டுச்சு. அதே லூசியானா மாநிலத்து லேக் சார்ல்ஸ் வானிலை ஆபீஸ் தன்னோட சரித்திரத்துலயே முதல் தடவையா ப்ளிஸார்ட், அதாவது கடும் பனிப்புயல் எச்சரிக்கை விட்டுச்சு, அதுக்கு மணிக்கு 56 கிலோமீட்டர் காத்தும் கால் மைலுக்குக் கம்மியான பார்வையும் 3 மணி நேரம் நீடிக்கணும். ஜனவரி 21 அன்னிக்கு நியூ ஆர்லியன்ஸ் ஏர்போர்ட்ல 8 இன்ச், அங்க அதுக்கு முந்தின ரெக்கார்டு 1963ல 2.7 இன்ச். ஃப்ளோரிடால மில்டன்ல 9.8 இன்ச், அந்த மாநில பழைய ரெக்கார்டு 4 இன்ச், அதுவும் 1954ல அதே மில்டன்ல.

ஆனா பாதை மாறினா எல்லாம் போச்சு. வங்கக்கடல்ல தாழ்வு நிலை கொஞ்சம் வடக்க நகர்ந்தா சென்னை மழை ஆந்திராவுக்குப் போயிடுமே, அதே கதைதான் அங்கயும். 2000 ஜனவரில அமெரிக்கக் கிழக்குக் கரைல புயல் கடலோட போயிடும்னு மாடல்கள் காட்ட, அது கரையை ஒட்டியே வந்து நார்த் கரோலினா ராலேல 20.3 இன்ச் கொட்டிட்டுப் போச்சு.

கேள்வி: போன் ஆப்ல ஒரு வாரம் முன்னாடியே 7 இன்ச்னு காட்டுது. நம்பலாமா? (டல்லாஸ் வாசகர்)

பதில்: நம்பாதீங்க. அது பெரும்பாலும் ஒரே ஒரு மாடல் ஓட்டத்தோட நம்பர். ஐரோப்பிய மாடலையே ஆரம்ப நிலையை லேசா மாத்தி மாத்தி 50 தடவை ஓட்டறாங்க, அதுல எத்தனை ஸ்னோ காட்டுது எத்தனை காட்டலைங்கறதுதான் விஷயம். வாட்ஸ்அப்ல சுத்தற கலர் மேப்பையும் ஒதுக்கிடுங்க. உங்க ஊர் வானிலை சேவை ஆபீஸ் எழுதற விளக்கத்தைப் படிங்க, குறைஞ்சது இவ்ளோ, அதிகபட்சம் இவ்ளோ, வாய்ப்பு இவ்ளோன்னு தெளிவா போடுவாங்க. வெளிய போறதா வேணாமாங்கறதை முந்தின நாள் சாயங்காலமே முடிவு பண்ணுங்க, முதல் பனி விழறதைப் பாத்துட்டு யோசிக்கலாம்னு இருந்தா லேட்டு.

கேள்வி: குளிர் வந்தா குழாயைச் சொட்ட விடணுமாமே? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: ஆமாம்மா, பைப்ல தண்ணி உறைஞ்சு வெடிக்காம இருக்கத்தான் அது. வெளிச்சுவரை ஒட்டின குழாய்ல மெல்லிசா தண்ணி ஓடட்டும், தோட்டத்து ஹோஸைக் கழட்டிடுங்க, சிங்க்குக்குக் கீழ இருக்கற கதவைத் திறந்து வைங்க, வீட்டுச் சூடு பைப்புக்குப் போகும். கரண்ட் போச்சுன்னா கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ தயவுசெஞ்சு வைக்காதீங்க, 2021 பிப்ரவரில டெக்ஸாஸ்ல பலர் இறந்துபோனது கார்பன் மோனாக்சைடாலதான், அதுக்கு வாசனையே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கற அலாரம் பேட்டரில ஓடறதா பாத்து படுக்கற ரூம் பக்கத்துல மாட்டிடுங்க.