பழைய மச்சை இடிக்கவா, மேலே ஷீட் போடவா? முதலில் கட்டையின் முனையைப் பாருங்கள்

கேள்வி: "அண்ணாச்சி, வீரவநல்லூரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. பட்டாசலும் (முன்கூடம்) உள்ளறையும் தேக்குக் கட்டை போட்ட மச்சுக் கூரை, அடுக்களை மட்டும் சீமை ஓடு. 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு பட்டாசலில் காரை உதிர்கிறது, வடக்குச் சுவரோரம் இரண்டு கட்டையில் செல் அரித்த மாதிரி தெரிகிறது. அடுக்களையில் மழை பெய்தால் நாலைந்து இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. கொத்தனார் எல்லாவற்றையும் இடித்துவிட்டு ஒரே கான்கிரீட்டாகப் போடச் சொல்கிறார். மச்சினர் மேலே ஷீட் போட்டால் போதும் என்கிறார். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். எதைச் செய்ய?"

பதில்: எது என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது தம்பி, அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். செல் அரித்த அந்த இரண்டு கட்டைக்கும் கீழே, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, குறுக்கே ஒரு பலகை கொடுத்து இரும்பு ஜாக்கியோ நல்ல சவுக்குக் கம்போ முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். வாடகை ஜாக்கிக்கு ஆகும் செலவு பெரிதல்ல. அம்மாவின் கட்டிலைப் பட்டாசலில் இருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள். கான்கிரீட் விரிசல் விட்டு, தொங்கி, ஓரளவுக்கு எச்சரிக்கும். கட்டை மச்சு அப்படியில்லை, முனை மக்கிய கட்டை கீழிருந்து பார்க்கும்போது நன்றாகவே தெரியும், ஒரு மழைநாளில் மேலே இருக்கும் காரை தண்ணீரைக் குடித்து எடை கூடும்போது சுவரிலிருந்து கழன்றுவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கொத்தனாரும் மச்சினரும் கூரையைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் சுவரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், அப்புறம் சுவருக்குள் போகிற கட்டையின் முனையை, அதற்கப்புறம் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதை. இந்த மூன்றும் தெரியாமல் யார் சொல்கிற விலையும் வெறும் ஊகம்தான்.

நம் பக்கத்துப் பழைய மச்சு எப்படிக் கட்டியது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கலைக் குத்துவசமாக, கோணலாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் மூன்று அங்குலம்போல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து அடித்து இறுக்கியது, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அடிப்பார்கள். கடைசியாக மேலே தட்டையான ஓடு, அதுதான் தட்டோடு. இதில் வீட்டைத் தாங்குவது கட்டையும் குத்துச்செங்கலும். தண்ணீரைத் தடுப்பது மேலே உள்ள சுர்க்கியும் ஓடும். மேலடுக்கு கெட்டுப்போவதும் கட்டை கெட்டுப்போவதும் ஒன்றல்ல, உங்கள் வீட்டில் எது நடந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

சோதிப்பது கஷ்டமில்லை. ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, எல்லாக் கட்டையையும், செல் தெரிகிற இரண்டை மட்டுமல்ல, சுவரைத் தொடுகிற இடத்தில் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு கால் அங்குலம்கூட உள்ளே விடாது. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் அந்த முனை போய்விட்டது. வடக்குச் சுவரோரம் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஆச்சரியமாக இல்லை, வாடைமழை அந்தப் பக்கம்தான் அடிக்கும், வெயிலும் அங்கே குறைவு, ஈரம் சுவருக்குள்ளேயே நிற்கும், ஈரமான இடத்துக்குத்தான் கரையான் வரும். கட்டையின் நடுப்பகுதி பெரும்பாலும் கல்மாதிரி இருக்கும். அப்புறம் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில் ஏறி ஒரு சின்னச் சுத்தியலால் ஓரடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தலான சத்தம் வருகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊர்ப் பழைய வீடுகளில் முக்கால்வாசி ஒழுக்குக்கு அதுதான் வாசல். கன்றை வெட்டிவிட்டால் போதாது, அந்த இடத்தைக் கொத்தி வேரைப் பிடுங்காவிட்டால் அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் துளிர்க்கும்.

இப்போது கொத்தனார் யோசனை. கான்கிரீட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பகுதிக்கும் இரண்டு வேறு பதில் இருக்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ எடை. உங்கள் பழைய மச்சும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆகவே பட்டாசல் சுவர் பாரத்தைத் தாங்காது என்று யாராவது பயமுறுத்தினால் அது முழு உண்மையில்லை. அங்கே பிரச்சினை வேறு. கட்டை மச்சு வெயிலில் விரிந்தால் ஒவ்வொரு கட்டையும் தன்பாட்டுக்கு நகர்ந்து கொள்ளும். கான்கிரீட் ஒரே பாளமாக விரியும், சுருங்கும், நம் சித்திரை வெயிலுக்கு அது தினமும் நடக்கிற காரியம், அப்போது சுவரின் தலையையும் சேர்த்து இழுக்கும். சுண்ணாம்புக் கட்டுச் சுவர் அதைக் கொஞ்சம் பொறுக்கும், உள்ளே மண்ணை வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசிய சுவர் பொறுக்காது. உங்கள் சுவர் எது என்று ஒரு மூலையில் பூச்சைக் கொத்தி, கல்லுக்கு நடுவே ஆணியால் கிளறிப் பாருங்கள். செம்மண் பொடியாகக் கொட்டினால், தளத்துக்குக் கீழே சுவர்த்தலை முழுக்கச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் போடாமல் தளம் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். பெல்ட்டின் தலையை வழுவழுப்பாகப் பூசி, தார்த்தாள் விரித்து, அதன்மேல் தளம் உட்கார வேண்டும்.

அடுக்களை விஷயத்தில் மட்டும் என் பதில் உறுதியாக "வேண்டாம்". சீமை ஓடும் மரமும் சேர்ந்து சதுர அடிக்கு ஆறு ஏழு கிலோதான் வரும். அந்தப் பாரத்துக்கென்றே எழுப்பிய ஒல்லிச் சுவர் அது, அஸ்திவாரமும் அந்த அளவுதான் இருக்கும். அதன் தலையில் நாலைந்து மடங்கு எடையை ஏற்றினால் முதல் மழையில் ஒன்றும் ஆகாது, இரண்டு மூன்று வருடத்தில் மண் இறங்கும்போது மூலையில் ஆரம்பிக்கும் விரிசல். எல்லாவற்றையும் "ஒரே கான்கிரீட்டாக" என்று கொத்தனார் சொன்னது எனக்குச் சரியாகப் படாததற்கு இதுதான் காரணம்.

சரி, ஷீட். ஓட்டின் இடத்தில் ஷீட் போடுவது ஒன்று, தட்டட்டிக்கு மேலே பந்தல்போல ஷீட் போடுவது வேறொன்று. மச்சினர் சொல்வது இரண்டாவது. அது தண்ணீரைத் தடுக்கும், வெயிலையும் ஓரளவு குறைக்கும், உண்மைதான். ஆனால் மக்கின முனை மக்கினபடியே இருக்கும், நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம். இன்னொன்று காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று உங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஷீட்டை மேலிருந்து அழுத்துவதைவிடக் கீழே புகுந்து தூக்குவதுதான் அதன் வேலை. தட்டோட்டில் துளைபோட்டு போல்ட் அடித்து நிறுத்திய கம்பம் அதற்கு நிற்காது, போதாக்குறைக்கு அந்தத் துளையே புது ஒழுக்காகும். கம்பங்கள் சுவருக்கு நேர் மேலே கான்கிரீட் பாதத்தில் நிற்க வேண்டும், ஷீட் அரை மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையக் கூடாது, திருகாணியின் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்காத அளவுக்கு முறுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம், அதன் நார் நுரையீரலில் புற்றுநோய் வரவைக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஏற்கெனவே எங்காவது இருந்தால் உடைக்காமல், தண்ணீரால் நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்றால், ஸ்க்ரூடிரைவர் சோதனையில் பாதிக்கு மேல் முனைகள் நன்றாக இருந்தால் மச்சை வைத்துக்கொள்வேன். வடக்குச் சுவரை ஒட்டிக் கட்டைகளுக்குக் கீழே ஒரு இரும்பு உத்திரம் கொடுத்து, அதன் இரண்டு நுனிக்கும் தனித்தூண் எழுப்பிவிட்டால் மக்கின முனைகள் பாரம் சுமக்க வேண்டியதே இல்லை. மக்கின பகுதியைச் சீவி எடுத்து, கரையான் மருந்து செலுத்தி, முனையில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். முனையைச் சுற்றி சிமெண்ட்டால் அடைக்காதீர்கள், கொஞ்சம் காற்று போக இடம் விடுங்கள். அப்புறம் மேலே பழைய தட்டோட்டையும் பொத்தலான சுர்க்கியையும் மட்டும் கவனமாகப் பெயர்த்து, புதுச் சுர்க்கியைப் பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவோடு போட்டு, ஓடு பதித்து, இடைவெளியை வாட்டர்புரூஃப் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். பழைய சுண்ணாம்பின் மேல் ஓரங்குலச் சிமெண்ட் பூசினால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள். இரண்டும் வெயிலில் ஒரேமாதிரி விரிவதில்லை, சிமெண்ட் வெடிக்கும், வெடிப்பில் இறங்கின தண்ணீர் வெளியே ஆவியாக முடியாமல் கட்டைக்குத்தான் போகும்.

தண்ணீர் வெளியேறுகிற குழாயைப் பற்றி யாருமே பேசுவதில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆயிரம் சதுர அடித் தட்டட்டி ஒன்றில் அது சுமார் 88,000 லிட்டர். பழைய வீடுகளில் அதற்கு இரண்டே இரண்டு தூம்பு, அதிலும் ஒன்றில் மாவிலை அடைத்திருக்கும். மணிக்கு பத்து சென்டிமீட்டர் மழைக்கு, 450 சதுர அடிக்கு ஒரு நாலு அங்குலக் குழாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று போகும்படி கூடுதலாக ஒன்று வைத்தால் நஷ்டமில்லை.

அடுக்களைக்கு ஓடே நல்லது. பெரும்பாலும் ஓடு கெட்டிருக்காது, அதைத் தாங்குகிற கைமரமும் ரீப்பரும்தான் இறங்கியிருக்கும். ஓட்டை இறக்கி, கழுவி, உடைந்ததை மட்டும் கழித்து, இரும்புச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து மறுபடி மேயலாம். பத்தடி கிடைக்கு ஐந்தடிக்குக் குறையாத உயரம் இருக்கிறதா என்று பாருங்கள், சரிவு அதற்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல ஓடும் ஒழுகும். இரண்டு சரிவும் கூடுகிற பள்ளத்தில் போட்டிருக்கும் தகரத்தைக் கண்டிப்பாக மாற்றுங்கள்.

சோதனையில் முக்கால்வாசி முனையும் போயிருந்தால், சரி, பட்டாசலுக்குக் கான்கிரீட் போடுங்கள். ஆனால் பெல்ட் முக்கியம், கம்பிக்கு அடியில் வைக்கிற 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் முக்கியம், ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். பதினைந்து அடி வரையுள்ள அறைக்கு ஏழு நாள், அதைவிட அகலமென்றால் பதினான்கு நாள், அதுவரை முட்டுக் கம்புகளை உருவ விடாதீர்கள். சென்ட்ரிங் பலகை அடுத்த வேலைக்கு வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள்.

தெருவில் சேர்ந்த வீடு என்றால் பக்கத்துச் சுவர் பொதுச்சுவராக இருக்கலாம், அவர்கள் வீட்டுக் கட்டையும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கும். இடிக்கும் முன்னே அவர்களிடம் போய்ப் பேசி, அவர்கள் பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சுத்தியலை எடுக்க வேண்டும். தை பிறந்ததும் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடிப்பதுபோல நாள் பாருங்கள், கூரை திறந்து கிடக்கிற மண்சுவரில் ஒரு கோடைமழை விழுந்தால்கூடப் போதும், சுவர்த்தலை கரைந்துவிடும். தார்ப்பாய் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கடைசியாக மரம். "இடிக்கிற கூலி வேண்டாம், கட்டையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது வந்தால் தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துத் தேக்கு, முனை ஓரடி போனாலும் மீதிப் பத்தடி கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் விலைபோகும், பல வீடுகளில் அதன் மதிப்பு இடிக்கிற கூலியைவிட அதிகம். கட்டை எத்தனை, நீளம் என்ன, கனம் என்ன என்று இறக்குவதற்கு முன்பே அளந்து ஒரு தாளில் எழுதி, கான்டிராக்டரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.