பேடோ சேவலோ: பங்கு பிரிக்க முதல் ஒரு கேள்வி

இந்த முறை வந்த கடிதங்களில முக்கால்வாசி கோழிக்குஞ்சுக் கதைதான். அடை வைச்ச வீடுகள் கனக்கப் போல. நாலைத் தெரிஞ்செடுத்துப் பதில் எழுதியிருக்கிறன், மற்ற ஆக்கள் கோவிக்காதேங்கோ.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கான்ர கோழி அடைக்குக் கிடந்தது, என்னட்ட 13 முட்டை இருந்தது, பொரிக்கிறதில ஆளுக்குப் பாதி எண்டு கதைச்சுப்போட்டு வைச்சம். 12 பொரிச்சது, ரெண்டைப் பிராந்து தூக்கிப்போட்டுது, மிச்சம் 10 குஞ்சுக்கும் இப்ப அஞ்சு கிழமை. அக்கா இப்பவே பிரிப்பம் எண்டு நிக்கிறா. அவ கோழி வளத்துப் பழம் திண்டு கொட்டை போட்டவ, எனக்கு ஒண்டும் தெரியாது. பேடெல்லாம் அங்கால போய் எனக்குச் சேவல் மட்டும் மிஞ்சுமோ எண்டு பயமாக் கிடக்கு. எப்பிடிப் பாக்கிறது?
– ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, அஞ்சு கிழமைக் குஞ்சை அக்காவும் பாதி அனுமானத்திலதான் பிரிப்பா. ஆனா அவவின்ர அனுமானம் உங்கட அனுமானத்தை விட நல்லதாயிருக்கும், அதால உங்கட பயத்திலயும் நியாயம் இருக்கு.

அவ என்னத்தைப் பாப்பா எண்டு சொல்லுறன். பின்னேரம் குறுணல் போட்டுக் கூப்பிட்டு, ஒவ்வொண்டாப் பிடிச்சு மடியில வைச்சுப் பாருங்கோ. நாலஞ்சு கிழமையில சேவல்குஞ்சின்ர கொண்டை கொஞ்சம் எழும்பி இளஞ்சிவப்பாத் தெரியும், பேட்டுக்குஞ்சுக்கு மஞ்சளும் வெளிறலுமா தலையோட ஒட்டிக் கிடக்கும். சேவலுக்குக் கால் தடிப்பம். பிறகு முதுகு. பேட்டுக்குக் கெதியா இறகு மூடி சின்ன வாலும் வந்திடும், சேவல் கனநாளைக்குத் தோளும் முதுகும் வெறுமையா, மேல்சட்டை போடாத பெடியன் மாதிரித் திரியும். இந்த மூண்டும் ஒரே குஞ்சில ஒத்து வந்தா அதைச் சேவல் எண்டு ஒரு பக்கம் வையுங்கோ, ஒண்டு மட்டும் எண்டா வையாதேங்கோ. ஏனெண்டா எங்கட ஊர்க்கோழி ஒரு சாதிக் கோழி இல்லை, வாள் மாதிரி பல்லுப் பல்லா நிக்கிற கொண்டையும் இருக்கு, மூண்டு வரிசையாத் தட்டையாப் படுத்துக் கிடக்கிற கொண்டையும் இருக்கு, தட்டைக் கொண்டைக்காரனை வாள் கொண்டைக்காரியோட வைச்சு அளந்தா சேவலே பேடாத் தெரியும். அதால ஒரே மாதிரிக் கொண்டையை ஒரே மாதிரியோட மட்டும் பாருங்கோ.

சந்தேகம் இல்லாமத் தெரியிறதெண்டா மூண்டாம் மாசம்தான். பாக்கிற இடம் கொண்டையில்லை, முதுகு முடிஞ்சு வால் தொடங்கிற இடம். அந்த இடத்தில ரெண்டு பக்கமும் சரியிற இறகில ஒண்டை விரலால விரிச்சுப் பிடியுங்கோ. பேடெண்டா நுனி வட்டமா, கரண்டி முனை மாதிரி இருக்கும். சேவலெண்டா ஒடுங்கி நீண்டு கூராகி, ஓரம் நூல் நூலாப் பிரிஞ்சு, வெயிலுக்குப் பிடிச்சா எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். பேட்டின்ர சூலகத்தில இருந்து வாற ஈஸ்ட்ரோஜன் எண்ட பெண் சுரப்புத்தான் அந்த வட்ட இறகைக் குடுக்கிறது, அது இல்லாட்டிக் கோழிக்கு வாறதெல்லாம் சேவலிறகுதான். கழுத்திறகிலயும் இதே வித்தியாசம் தெரியும், ஆனா எங்கட பக்கம் கழுத்தில இறகே இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழியும் நிக்கிறபடியா முதுகைப் பாக்கப் பழகிறது நல்லம்.

நான் ஒருக்கா இதைப் பாக்காமக் கெட்டனான். சிவலை ஒண்டு நிண்டது, அஞ்சு மாசம் தாண்டியும் முட்டையில்லை, கூவவும் இல்லை, திடீரெண்டு ஒரு கிழமைக்குள்ள கொண்டையும் தாடியும் செக்கச் செவேலெண்டு வந்திட்டுது, சரி இது சேவல்தான் எண்டு நானே முடிவெடுத்து, வவுனியாவில இருந்து மாமா வந்த அண்டைக்கு வெட்டியாச்சு. வயித்தைத் திறந்தா மிளகளவு, உழுந்தளவு, பாக்களவு எண்டு மஞ்சள் கரு குலையாத் தொங்குது, கடைசி ஒண்டு முழுக்கருவா முத்தி நிக்குது. பேட்டுக்கும் முட்டைக்கு வர முதல் கொண்டை சிவக்கும் எண்டது அண்டைக்குத்தான் உறைச்சது. அம்மா அந்தக் குழம்பைத் தொடவேயில்லை, என்னோடயும் ரெண்டு நாள் கதைக்கேல்ல.

சரி, உங்கட பங்குக் கதைக்கு வருவம். அக்காவிட்ட நேராச் சொல்லுங்கோ, தீன் செலவு ரெண்டு பேருக்கும் பாதி, மூண்டு மாசம் முடியப் பிரிப்பம், பேடு பாதி சேவல் பாதி எண்டு. இல்லை இப்பவே வேணுமெண்டு அவ நிண்டா, இருட்டினாப் பிறகு பத்தையும் ஒரு பெட்டிக்க விட்டுச் சாக்கால மூடி, மாறி மாறிக் கையை விட்டு ஒவ்வொண்டா எடுங்கோ. அவவின்ர அனுபவம் சாக்குக்க வேலை செய்யாது.

கேள்வி: எங்கட பெரியம்மா அடை வைக்கேக்க உருண்டை முட்டையாத் தெரிஞ்சுதான் வைப்பா, கூர் முட்டையில சேவல்தான் வருமாம். உண்மையோ?
– வாசகர், மல்லாவி

பதில்: பெரியம்மாக்கு என்ர வணக்கம், ஆனா இல்லை. இந்தக் கதை கிரேக்கத்து அரிஸ்டோட்டில் காலத்திலயே இருந்தது, பகிடி என்னெண்டா அவர் மறுவளமாச் சொன்னவர், நீண்ட கூர் முட்டையில பேடு, உருண்டையில சேவல் எண்டு. மனுசரில தகப்பன்ர பக்கத்தால ஆண் பெண் முடிவாகிற மாதிரிக் கோழியில இல்லை, அங்க முடிவு தாயின்ர கையில, அதுவும் கரு சேவலோட சேர முதலே, ஓடு வர முதலே முடிஞ்சிடும். பிறகு எந்த முட்டையைத் தெரிஞ்சாலும், எந்த நாளில வைச்சாலும், அடைச்சூடு கூடிக் குறைஞ்சாலும் மாறாது. எங்கட குளத்து முதலைக்குத்தான் மண்ணின்ர சூட்டால ஆணும் பெண்ணும் மாறும், கோழிக்கில்லை. பத்தில ஏழு சேவலா வந்தா அது காசு சுண்டின மாதிரி ஒரு விழுகை, அடுத்த அடையில மறுவளமா விழலாம். கூழ்முட்டை வராம இருக்க நாள்ப்பட்ட முட்டையையும் வெடிச்ச முட்டையையும் விலத்தினாக் காணும்.

கேள்வி: யூரியூப்பில ஒருநாள் குஞ்சின்ர பின்பக்கத்தை விரிச்சுப் பாத்து, செட்டை இறகைப் பாத்து எல்லாம் டக் டக்கெண்டு பிரிக்கிறாங்கள். வீட்டில செய்யலாமோ?
– வாசகர், பரந்தன்

பதில்: பின்பக்கம் பாக்கிறது ஜப்பான்காரர் 1920களில கண்டுபிடிச்ச வித்தை, அதுக்கெண்டே மாசக்கணக்காப் பயிற்சி எடுத்த ஆக்கள்தான் செய்யினம், நாங்கள் அமத்தினாக் குடல் கலங்கிக் குஞ்சு செத்துப்போடும், கையை வையாதேங்கோ. செட்டை இறகு பாக்கிறது கேடில்லை, ஆனா கெதியா இறகு வாற சேவலையும் பிந்தி இறகு வாற பேட்டையும் திட்டம்போட்டுச் சேத்தெடுத்த குஞ்சுக்குத்தான் அது சரிவரும், எங்கட வளவுக் கலப்பில ஒண்டும் சொல்லாது. மண்ணிற முட்டைக் கோழிக் குஞ்சு நிறத்திலயே பிரியிறதும் அப்பிடித்தான், பேடு மண்ணிறம், சேவல் வெளிர் மஞ்சள், ஆனா அந்தக் கோழியை ஊர்ச்சேவலோட விட்டு அடுத்த குஞ்சு எடுத்தா நிறத்தை நம்பேலாது.

கேள்வி: ஆறு வருசம் முட்டை போட்ட என்ர கறுப்பி இப்ப விடிய எழும்பிக் கூவுது, முட்டையும் நிண்டிட்டுது. பேடு கூவினா வீட்டுக்கு ஆகாது, வெட்டு எண்டு எல்லாரும் ஆக்கினை. என்ன செய்ய?
– ஒரு அம்மம்மா, விசுவமடு

பதில்: பெட்டைக் கோழி கூவியோ பொழுது விடியிறது எண்டு சொல்லுற ஊர்தானே, சொல்லிப்போட்டுப் போகட்டும் அம்மா. கோழிக்கு வேலை செய்யிறது இடப்பக்கச் சூலகம் ஒண்டுதான், அது நோயாலயோ வயசாலயோ பழுதாப் போனா ஈஸ்ட்ரோஜன் குறையும், சும்மா கிடந்த வலப்பக்கம் சிலநேரம் விதை மாதிரி வளந்து ஆண் சுரப்பைக் குடுக்கும். அதாலதான் கூவுது. அடுத்த முறை இறகு கொட்டி முளைக்கேக்க முதுகைப் பாருங்கோ, கூர் இறகு வந்தாலும் வரும். முட்டையை இனி எதிர்பார்க்காதேங்கோ. வயிறு வீங்கி, தின்னாமக் குந்திக்கொண்டு இருந்தா மட்டும் மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, மற்றும்படி குறுணல் திண்டு ஓடித்திரியுதெண்டா கூவிப்போட்டுப் போகட்டும்.