மிலான் இரவு: உட்காரும் முன் விலைப்பட்டியலைப் பாருங்கள்

கேள்வி: அலுவலக வேலையாக நான்கு பேர் ஒரு வாரம் மிலான் போகிறோம். சாயங்காலம் ஊர் சுற்ற ஆசை. ஆனால், "அங்கே காப்பிக்கே சொத்தை எழுதிக் கொடுக்கணும்" என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். எங்களில் இருவர் சைவம், ஒருவர் மது தொடாதவர். எங்கே போகலாம்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்காருகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அங்கே பில் ஏறும்.

என் முதல் சிபாரிசு அப்பெரித்தீவோ. சாயங்காலம் ஆறரை வாக்கில் தொடங்கி ஒன்பது மணி வரை பார்களில் (அங்கே பார் என்றால் காப்பியும் விற்கும் கடை) உள்ள வழக்கம் இது. ஒரு பானம் வாங்கினால் கூடவே தின்பதற்கும் வரும். சில இடங்களில் ஆலிவ் காய், சிப்ஸ், சின்ன ரொட்டித் துண்டுகளோடு ஒரு தட்டு. சில இடங்களில் பாஸ்தா, வதக்கிய காய்கறி, பீட்சா என்று பஃபேயே இருக்கும். பெரும்பாலும் தலைக்கு 10 முதல் 15 யூரோவில் முடியும். பஃபே உள்ள இடமாகப் பார்த்துப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். உட்காரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: சாப்பாடு பானத்தின் விலையிலேயே சேர்ந்ததா, இரண்டாவது பானத்துக்கு எவ்வளவு.

மது தொடாதவர் "அனால்கோலிக்கோ" என்று கேட்டால் போதும். க்ரோதினோ என்ற கசப்பும் இனிப்புமான ஆரஞ்சு நிறப் பானம் கிட்டத்தட்ட எல்லா பாரிலும் உண்டு. தட்டும் சேர்ந்து வருவதால் விலை ரொம்பக் குறையாது, அது நியாயம்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் ரொட்டித் துண்டின் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். ஹாம், சலாமி மட்டுமல்ல, நெத்திலி மாதிரியான சின்ன மீனும் இருக்கும். கண்டிப்பான சைவம் என்றால் பார்மிஜானோ சீஸையும் தவிர்க்க வேண்டும். அதைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள்.

இடம் என்றால் நவிலி கால்வாய்க் கரை. இருட்டியதும் இரு கரையிலும் விளக்கெரிய, தண்ணீரை ஒட்டி மேசைகள் நிரம்பிவிடும். முதலில் கண்ணில் பட்ட கடையில் உட்காராமல் ஒரு நடை நடந்து, வாசல் பலகைகளில் விலையைப் பாருங்கள். ப்ரேரா அழகான பகுதி, ஆனால் விலை கூடுதல். ஈசோலா, போர்த்தா வெனேட்சியா பக்கம் உள்ளூர் ஆட்கள் அதிகம் வருவார்கள். காம்பாரி என்ற கசப்பான சிவப்பு மதுவின் பிரியர்களுக்கு, டுவோமோ பேராலயத்துக்கு எதிரே கல்லேரியா என்ற பழைய கடைவீதிக் கட்டடத்தின் வாசலில் 1915 முதல் இருக்கும் காம்பரீனோ பார்.

நண்பர் சொன்ன காப்பிக் கதைக்கு வருகிறேன். இத்தாலிய பார்களில் கவுண்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பேராலயத்தைப் பார்த்தபடி வெளி மேசையில் உட்கார்ந்தால் அதே காப்பி சில மடங்காகிவிடும். இது மோசடி இல்லை. ஆனால் விலைப்பட்டியலை வைத்திருப்பது கடைக்காரரின் கடமை, கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. சாப்பாட்டுக் கடை பில்லில் "கோப்பெர்த்தோ" என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ சேர்த்திருப்பார்கள். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம் அது, மெனுவிலேயே போட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை. மீன் விலை பக்கத்தில் "எத்தோ" என்றிருந்தால் அது 100 கிராமுக்கு. முழு மீன் எவ்வளவு எடை என்று கேட்காமல் ஆர்டர் செய்யாதீர்கள். பெரிய பில் வந்து தவிப்பவர்கள் பலர் தவறுவது இங்கேதான்.

கேள்வி: கிளப்புக்கும் போகலாமா என்று யோசிக்கிறோம். நுழைவுக் கட்டணம் தவிர வேறு செலவு உண்டா?

பதில்: நுழைவுக் கட்டணத்தில் முதல் பானம் சேர்ந்ததா என்று வாசலிலேயே கேளுங்கள், பல இடங்களில் சேர்ந்துதான் இருக்கும். சில கிளப்புகளில் உள்ளே போகும்போது ஓர் அட்டை கொடுப்பார்கள். வாங்குவதை எல்லாம் அதில் குறித்து, வெளியேறும்போது மொத்தமாகப் பணம் வாங்குவார்கள். அந்த அட்டை தொலைந்தால் பெரிய தொகை கேட்பார்கள். எவ்வளவு என்பது அட்டையிலேயே அச்சாகியிருக்கும், படித்துவிடுங்கள். அட்டையை இன்னொருவரிடம் கொடுக்காமல் பையில் ஜிப் போட்டு வையுங்கள். குளிர்காலத்தில் நீங்கள் கழற்றிக் கொடுக்கும் மேல்கோட்டுகளைப் பத்திரமாக வைப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

கேள்வி: ராத்திரி திரும்புவது எப்படி? எங்கள் வங்கி கார்டு செல்லுமா?

பதில்: மெட்ரோ இரவு பன்னிரண்டரை வாக்கில் நின்றுவிடும். அதன்பின் மெட்ரோ பாதையை ஒட்டியே இரவுப் பேருந்துகள் ஓடுகின்றன. மெட்ரோவில் கார்டைத் தட்டி உள்ளே போகலாம். வெளியே வரும்போதும் அதே கார்டைத் தட்ட வேண்டும். டாக்சி என்றால் மீட்டர் உள்ள வெள்ளை நிற வண்டி மட்டும். வாசலில் வந்து கூப்பிடுகிறவரோடு போகவே போகாதீர்கள்.

இத்தாலியில் கடைக்காரர் கார்டை மறுத்தால் 2022 ஜூன் 30 முதல் அபராதம் உண்டு. "மெஷின் வேலை செய்யவில்லை" என்றால் இதை மரியாதையாகச் சொல்லலாம். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். மெஷின் யூரோவா ரூபாயா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.