ஹைபிரிட் காரும் அரிசி மூட்டையும்

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, வீடு பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில், தினமும் கடற்பாலத்தைக் கடந்து போய்வர வேண்டும், பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த 2012ஆம் ஆண்டு ஹைபிரிட் கார் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா, இல்லை கடன் போட்டுப் புதிய ஹைபிரிட்டே எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. கூடவே ஓட்டுநர் உரிமம், குழந்தைக்குப் பள்ளி, நல்லெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று இன்னும் மூன்று கேள்விகள். நல்லெண்ணெய் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கிடைக்கும். உரிமத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் நேரில் போய்க் கேளுங்கள். அந்த விதிகளை யார் சொல்லியும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும். பள்ளியைப் பற்றி இன்னொரு நாள். ஆனால் அந்த 'மலிவாக வருகிறது' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

2015இல் எங்களுக்கும் ஒன்று மலிவாக வந்தது. எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் தவறு பாதிக்கு மேல் எங்களுடையது. 2011 முதல் 2013 வரை மலேசியாவில் 2,000 சிசிக்குக் குறைவான ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் கிடையாது. அந்த மூன்று ஆண்டுகளில் ஹைபிரிட்டுகள் திமுதிமுவென்று வந்து இறங்கின. பிறகு அவை கைமாறத் தொடங்கியபோது, நாங்கள் வாங்கினோம். மூன்று வயதுக் கார். உட்கார்ந்தால் புதிது போல மணம், சிக்னலில் நின்றால் சத்தமே இல்லை. என் கணவர் விற்பனையாளரிடம் கேட்ட ஒரே கேள்வி: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? நம்மவர்கள் எங்கே போனாலும் அந்தக் கேள்வியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறோம். பேட்டரியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு ஆண்டு நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் பாலத்தின் நடுவில், பக்கத்தில் கடல், முன்னும் பின்னும் லாரி, திரையில் சிவப்பு விளக்கு. கார் நிற்கவில்லை, ஆனால் எருமை சேற்றில் நடப்பது போல நகர்ந்தது. புதிய பேட்டரிக்கு ஏழாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், என்றார்கள். ஏழாயிரம் வெள்ளிக்கு மேல் எங்கள் சேமிப்பில் இருந்தது சில்லறைதான்.

கடைசியில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பட்டறையில் வயதான சீனர் ஒருவர் பின்னிருக்கையைக் கழற்றிக் காட்டினார். பேட்டரியைக் குளிர்விக்க ஒரு சிறிய விசிறி இருக்கிறது. அது காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறது. இழுக்கும் துளை பின்னிருக்கையின் ஓரத்தில் இருக்கிறது. அந்தத் துளைக்கு முன்னால்தான் நாங்கள் மாதாமாதம் பத்துக் கிலோ அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். விசிறியின் இதழ்களில் தூசும் பொரித் துகளும் கம்பளி போலப் படிந்திருந்தன. பினாங்கு வெயிலில் மூச்சுவிட வழியில்லாமல் பேட்டரி வெந்திருக்கிறது. அவர் மலாயில் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: 'இதற்கும் உயிர் இருக்கிறது, அம்மா.'

செத்த செல்களை மட்டும் மாற்றித் தருகிறேன், ஆனால் நிலைக்காது என்று அவரே எச்சரித்தார். கேட்கவில்லை, மாற்றினோம். எட்டு மாதத்தில் மீதிச் செல்கள் போயின. ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள், ஒரே வெயிலில் காய்ந்தவை. ஒன்று போனால் மற்றவை எத்தனை நாள் தாங்கும்? உங்களுக்கு வரும் 2012 காரில் 'பேட்டரி மாற்றியாகிவிட்டது' என்று சொன்னால், முழுதாகப் புதிதா, நான்கைந்து செல் மட்டுமா என்று கேளுங்கள். ரசீதைப் பார்க்காமல் நகராதீர்கள். உரிமை மாற்றத்துக்குப் புஸ்பகோம் போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சோதனை உண்டே என்பார்கள். உண்டு. பேட்டரிக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று அந்தச் சோதனை சொல்லாது.

இன்னொன்று, இதைப் பினாங்கில் இருப்பவர்தான் சொல்ல முடியும். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு இங்கே பெய்த மழையில் தீவிலும் பெருநிலத்திலும் கார்கள் கூரைவரை மூழ்கின. அவற்றில் சில கழுவித் துடைத்து மீண்டும் விற்பனைக்கு வந்தன. ஹைபிரிட் பேட்டரி பல கார்களில் பின்னிருக்கைக்கு அடியில், தாழ்வாக இருப்பது. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். உதிரிச் சக்கரம் வைக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை தேடுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சரி, புதியதற்கு வருவோம். ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு விதமான பண்டங்களை விற்கிறார்கள். பாதி ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. சென்னையில் நீங்கள் வைத்திருந்த காரிலும் ஹைபிரிட் என்று எழுதியிருந்தது, மைலேஜில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது மைல்ட் ஹைபிரிட். நின்ற எஞ்சினை மெதுவாகக் கிளப்பவும், புறப்படும்போது லேசாக ஒரு தள்ளு தரவும்தான் அதிலுள்ள சிறிய மோட்டாருக்குத் தெம்பு. தனியாகக் காரை இழுக்காது. அதை வைத்து ஹைபிரிட்டையே எடைபோடாதீர்கள்.

மற்ற ஹைபிரிட்டுகளிலும் சாதி பல. ஹோண்டாவின் பழைய இன்சைட் காரில் ஒரு மோட்டார், எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு சுழல்வது. துணைக்கு வருமே தவிரத் தனியாகக் குடும்பம் நடத்தாது. டொயோட்டா பிரியஸ் வகையில் இரண்டு மோட்டார்கள். நெரிசலில் எஞ்சின் தூங்கும்போதே மோட்டார் இழுத்துக்கொண்டு போகும். இது ஏட்டு வித்தியாசம் இல்லை. பழைய மாடல்கள் சிலவற்றில் ஏர்கண்டிஷன் எஞ்சினின் பெல்ட்டில் ஓடுவது. சிக்னலில் எஞ்சின் நின்றால் குளிரும் நிற்கும். பினாங்கில் மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சிக்னலில் நின்று பாருங்கள், பெட்ரோல் மிச்சமாவது மறந்துபோகும். டொயோட்டாவில் அதற்கு மின்சாரக் கம்ப்ரஸர், எஞ்சின் உறங்கினாலும் குளிர் வரும்.

2017இல் இங்கே வந்த ஹோண்டா சிட்டி, ஜாஸ் ஹைபிரிட்டுகள் வேறு ரகம். ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிக்குள் மோட்டார். வேகமெடுத்தால் அருமை. ஆனால் ஜப்பானில் 2013இல் இதே ஏற்பாட்டோடு வந்த ஃபிட் ஹைபிரிட்டைத் திரும்பத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஹோண்டா பிறகு அந்த வழியையே கைவிட்டு, 2020இல் மலேசியாவில் அறிமுகமான சிட்டி காரில் இரண்டு மோட்டார் முறைக்கு மாறியது. அதில் நகரத்துக்குள் பெரும்பாலும் எஞ்சின் மின்சாரம் ஆக்கித் தருகிறது, மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் நேராகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய பட்டியலில் எனக்குப் பிடித்தது இதுதான். 2022 முதல் இங்கேயே பொருத்தப்படும் டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட்டும் உழைக்கும் மாடு. ஆனால் இரண்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய சங்கதி.

இப்போது கணக்கு. நீங்கள் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரணக் கார் லிட்டருக்கு 14 கொடுத்தால் 86 லிட்டர். ஹைபிரிட் 22 கொடுத்தால் 55 லிட்டர். மிச்சம் 31 லிட்டர். உங்கள் அலுவலக நண்பர், இந்நாட்டுக் குடிமகன், மாதம் 62 வெள்ளிதான் மிச்சம் என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது சரி, அவருக்கு. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, அடையாள அட்டையைக் காட்டி நிரப்பலாம். நமக்கு அந்த விலை கிடையாது. அந்தத் திட்டம் தொடங்கியபோது மானியம் இல்லாத விலை 2.60. ஆகவே அந்த விலைக்கு உங்கள் மிச்சம் 81 வெள்ளி. நானும் அதே வரிசைதான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் என் அட்டை குடிமக்களுடையது அல்ல, நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அட்டை. குறை சொல்லவில்லை, அவர்கள் நாடு, அவர்கள் வரிப்பணம். ஆனால் எண்ணெய் நிலையத்தில் பக்கத்துக் காரின் மீட்டரை ஒவ்வொரு முறையும் ஓரக்கண்ணால் பார்க்கிறேன், அதை மறைப்பானேன்.

ஹைபிரிட்டுக்காக நீங்கள் கூடுதலாகப் பதினைந்தாயிரம் வெள்ளி கொடுத்தால், மாதம் 81 வெள்ளி வீதம் அந்தப் பணம் திரும்ப வரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். உங்கள் வேலை அனுமதியோ இரண்டு ஆண்டு. புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் போகலாம். பெட்டி கட்டும் மாதத்தில் கார் விற்பவனிடம் எல்லோரும் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள்.

இதில் பாலமும் சேர்கிறது. காலையில் சுங்கச்சாவடியை நெருங்கும்போதும், தீவில் இறங்கிய பிறகும் ஊர்ந்து போகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் ஹைபிரிட் சம்பாதிக்கும். பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் வீணாகும் வேகத்தைப் பிடித்துப் பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. ஆனால் சாலை காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை 110இல் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ விரட்டினால் பிடிக்க எதுவும் இல்லை. காற்றைக் கிழிக்கும் வேலை முழுக்க எஞ்சினுடையது. நம் ஆட்கள் தீபாவளிக் கூட்டத்தில் 'விளம்பரத்தில் போட்ட மைலேஜ் வரவில்லை' என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான். இன்னும் சிலர் 27 வருகிறது, 28 வருகிறது என்று அளப்பார்கள். அப்படி அளந்த ஒருவரோடு ஒரு தடவை பட்டர்வொர்த்வரை போனேன். திரையில் அந்த எண் இறங்கக் கூடாது என்று ஏர்கண்டிஷனை அணைத்துவிட்டு வேர்வையில் நனைந்தபடி ஓட்டினார். இருபது ஆண்டு இந்த ஊரில் சம்பாதித்த மனிதர்!

அதே மனிதர்தான் இங்கே பிறந்த தமிழர்களின் பேச்சைக் கேலி செய்வார். 'பசியாறிவிட்டீர்களா' என்று கேட்டால் சிரிப்பார், வெள்ளி என்றால் சிரிப்பார். எனக்கு அது ஆகவே ஆகாது. நான் இந்த ஊரில் கால் ஊன்றியது பக்கத்து வீட்டு அக்காவால். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 2008 மே மாதம் நாங்கள் சுங்கை டுவாவில் ஐந்தாம் மாடி வாடகை வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் பழுது, ஒரு பாயும் இரண்டு பெட்டியும்தான் சொத்து. அவர் கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைத்தான் முதல் நாள் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் என் கண்ணில் நீர் வந்தது. காரத்தால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வந்த சில நாளில், ஜூன் 4 சாயங்காலம், அவர் கதவைத் தட்டி, விடிந்தால் பெட்ரோல் 78 காசு ஏறுகிறதாம், காருக்கு எண்ணெய் போடப் போகிறேன், துணைக்கு வா என்றார். எங்களிடம் கார் இல்லை, சைக்கிள்கூட இல்லை. இருந்தாலும் போனேன். அவருடைய பழைய கன்சில், 660 சிசி, தீப்பெட்டி போல இருக்கும். எண்ணெய் நிலையத்துக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. எஞ்சினை அணைத்துவிட்டு, வரிசை நகரும்போதெல்லாம் நான் பின்னால் நின்று தள்ளினேன், அவர் திருப்புசக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் எண்ணெயை எரித்துவிட்டு எண்ணெய் வாங்குவதா என்பது அவர் கணக்கு. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் முறை வந்தது. நிரப்பி முடித்ததும் பிளாஸ்க்கில் இருந்த தேநீரை மூடியில் ஊற்றி எனக்கு முதலில் கொடுத்தார். பிறகு ஓராண்டு கழித்து அந்தக் கன்சிலையே எங்களுக்குத் தவணையில் கொடுத்தார். வட்டி இல்லை, எழுத்து இல்லை. ஆறு ஆண்டு ஓடியது. அதை விற்றுவிட்டுத்தான் அந்த ஹைபிரிட்டை வாங்கினோம் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

நீங்கள் முதலில் ஒரு பழைய மைவி, சாதாரணச் சிறிய பெட்ரோல் கார், வாங்குங்கள் தம்பி. இரண்டு ஆண்டு பாலத்தில் ஓட்டிப் பாருங்கள். அனுமதி புதுப்பித்து, இங்கேதான் என்று மனமும் நிலைத்தால் அப்போது சிட்டியைப் பற்றிப் பேசுவோம். அதற்குள் அந்த 2012 காரைப் பார்க்கத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால், என்னையும் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் வருகிறேன். டார்ச் விளக்கு நான் கொண்டுவருகிறேன். பின்னிருக்கை ஓரத் துளையில் முதலில் விரலை விட்டுப் பார்ப்போம்.