ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரையை விட்டுவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவு. வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் தரும்போது சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு கலக்கலாமா?

கலக்கக் கூடாது. சர்க்கரை அங்கே சுவைக்காக இல்லை. உப்பைக் குடலிலிருந்து உடம்புக்குள் ஏற்றுவதே அதுதான்.

குடல் செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படலம். உப்பிலுள்ள சோடியம் அயனியோ சர்க்கரையிலிருந்து வரும் குளுக்கோஸோ அதைத் தானாகத் தாண்டாது. எஸ்.ஜி.எல்.டி.1 என்ற கடத்திப் புரதம் படலத்தில் பதிந்திருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் அதில் வந்து ஒட்டினால்தான், அது வடிவம் மாறி உட்பக்கமாகத் திறந்து அவற்றை விடும். செல்லின் மறுபக்கத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒரு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவில் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. கடத்திக்கு விசை கொடுப்பது அந்தக் குறைவுதான். உப்பும் குளுக்கோஸும் போன வழியே தண்ணீரும் போகும்.

காலரா நச்சு குளோரைடு வாயில்களைத் திறந்துவிட்டு நீரைக் கொட்டவைக்கிறது. ஆனால் இந்தக் கடத்தியை அது கெடுப்பதில்லை. ஓ.ஆர்.எஸ். உயிர் காப்பது அதனால்தான். சுக்ரலோஸ், அஸ்பார்ட்டேம் போன்ற செயற்கை இனிப்புகளை இந்தக் கடத்தி ஏற்றாது. அவற்றைக் கலந்தால் மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்.

அளவு மிக முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கலவையில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், மூலக்கூறு எண்ணிக்கையில் சோடியமும் குளுக்கோஸும் சமம், தலா 75 மில்லிமோல். பாக்கெட்டில் 200 மில்லியா, 1 லிட்டரா என்று பார்த்து அந்த அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தாக ஏறும். சர்க்கரை கூடினால் அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். குளிர்பானங்களும் அதையே செய்கின்றன. பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் தற்காலிகத்துக்கு மட்டும். எதுவானாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அம்மாவுக்குச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், ரத்தச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவரானால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்: அவை சிறுநீரகத்திலுள்ள இதே குடும்பக் கடத்தியைத் தடுப்பவை, நீரிழப்பில் கீட்டோன் அமிலத்தன்மை (ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) வர வாய்ப்புண்டு. குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, சிறுநீர் நின்றாலோ, மயக்கமாக இருந்தாலோ கரைசலை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.