வாசிக்காமல் கையொப்பமிட்ட வாக்குமூலம்

திருகோணமலை, உப்புவெளி வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியுள்ளார். எல்லைவேலித் தகராறில் அயலவர் மண்வெட்டிப் பிடியால் அவரது முன்கையில் அடித்தார். வீக்கம் உண்டு, எலும்பு முறியவில்லை. அயலவரின் மகனும் உதைத்தாராம். அன்றிரவு பொலிஸ் உத்தியோகத்தர் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுத, சிங்களம் வாசிக்கத் தெரியாத இவர் கையொப்பமிட்டுவிட்டார். மறுநாள் அயலவரும் இவர்மீது முறைப்பாடு செய்துள்ளார். குற்ற வழக்கு எப்படி நடக்கும், அவர்களைச் சிறைக்கு அனுப்ப என்ன செய்யவேண்டும் என்பது இவரது கேள்வி.

இருபது வருட அயலுறவு முறிந்ததையும், ஊரார் முன் தலைகுனிந்ததையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேதனை எனக்கு விளங்குகிறது. ஆயினும் அவற்றில் எதுவும் நீதவான் முன் சாட்சியமாகாது. வேலி யாருடைய காணியில் நிற்கிறது என்பதும் மாவட்ட நீதிமன்றத்தின் விடயம். உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கும் வரி ஒன்றுதான்: வாசிக்காமல் கையொப்பமிட்டேன் என்பது.

குற்ற வழக்கை நடத்துவது அரசு. முறைப்பாட்டாளராகிய நீங்கள் அதில் ஒரு சாட்சி மாத்திரமே. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கும் சுமை முழுவதும் வழக்குத்தொடுநரைச் சார்ந்தது என்பதால், எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. உங்கள் சாட்சியத்தை நம்ப முடியாது என்று காட்டினால் அவருக்குப் போதும். அதற்கு அவர் முதலில் எடுப்பது உங்கள் பொலிஸ் வாக்குமூலத்தைத்தான். சாட்சிக்கூண்டில் நின்று மகனும் உதைத்தார் என்று நீங்கள் சொல்லும்போது வாக்குமூலத்தில் அந்த வரி இல்லையென்றால், அது விடுபடலாக எடுத்துக்காட்டப்படும். அடித்த இடமோ நேரமோ மாறியிருந்தால், அது முரண்பாடாக, எதிரித் தரப்பின் குறியீடான ‘வி 1’, ‘வி 2’ என்று அடையாளமிடப்படும். உண்மையாகவே அடிபட்டவர்கள், தாம் சொல்லாத சொற்களுக்குக் கூண்டில் நின்று விளக்கம் சொல்ல முடியாமல் திணறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "அவர்கள் எழுதியது எனக்குத் தெரியாது" என்று அன்று சொல்வது பெரும்பாலும் காலங்கடந்த பதிலாகிவிடுகிறது.

இத்தனைக்கும் சட்டம் உங்கள் பக்கமே இருந்தது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி, வாய்மொழி முறைப்பாடு சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்படவேண்டும். உத்தியோகத்தரால் அம்மொழியில் எழுத இயலாவிடின், முறைப்பாட்டாளரையே தம் மொழியில் எழுதித் தருமாறு கேட்கவேண்டும். தமிழ் நிர்வாக மொழியாக உள்ள திருகோணமலையில் இதைக் கேட்பதற்கு எவரும் தயங்கத் தேவையில்லை.

இப்போது செய்யவேண்டியது, முறைப்பாட்டின் பிரதியைப் பெற்று, சிங்களம் நன்கறிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசிப்பித்து, விடுபட்டதையும் பிழையாக எழுதப்பட்டதையும் திருத்தி, தாமதமின்றித் தமிழில் மேலதிக வாக்குமூலம் கொடுப்பதாகும். நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். வழக்குக்கு வலுச்சேர்ப்பதாக எண்ணிக் கூட்டிச் சொன்னவர்களே குறுக்கு விசாரணையில் முதலில் விழுகிறார்கள்.

அயலவரின் முறைப்பாட்டை "பொய்தானே" என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அதில் நீங்கள் சந்தேகநபர். இரு முறைப்பாடுகளும் வழக்குகளானால், ஒன்றில் சாட்சியாகவும் மற்றொன்றில் எதிரியாகவும் நீதிமன்றத்துக்கு அலைவீர்கள். அப்போது, தண்டப்பணம் கட்டி முடித்துவிடலாம் என்று யாராவது சொல்ல, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். அது குற்றத்தீர்ப்பாகப் பதிவாகி, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொலிஸ் அறிக்கை கேட்கும் நாளில் எதிரே வந்து நிற்கும்.

எலும்பு முறியாததால் இது பெரும்பாலும் தண்டனைச் சட்டக்கோவையின் 314 ஆம் பிரிவுக்குள் அடங்கும் சாதாரண காயம். அதற்கான உச்சச் சிறைத்தண்டனை ஒரு வருடம். நீங்கள் எதிர்பார்க்கும் சிறைவாசம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. இத்தகைய பிணக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்படக்கூடியது. வெளிப்படையாகச் சொல்கிறேன்: அங்கே சமாதானமாகுங்கள். மருத்துவச் செலவையும், இரு முறைப்பாடுகளும் ஒன்றாக முடிவதையும் நிபந்தனையாக எழுத்தில் கேளுங்கள். சபையில் சட்டத்தரணிகள் உங்களுக்காகத் தோன்ற இயலாது என்பதால், இணக்கப் பத்திரத்தை நீங்களே முழுவதும் வாசித்து, விளங்கிய பின் கையொப்பமிடுங்கள்.